ப்ளக் துளையை மண்ணால் அடைக்கும் அந்தத் தேனீ எது?

கேள்வி இதுதான். சிவகங்கைப் பக்கம் ஒரு வீடு. கூடத்தில் உள்ள மூன்று முள் ப்ளக் பாயின்டின் மேல் துளை மண்ணால் அடைபட்டுவிடுகிறது. சுரண்டி எடுத்தால் சில நாட்களில் மறுபடியும் அடைபடுகிறது. உள்ளே இருந்து மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான மாவு போல ஏதோ கொட்டியதாம். வந்துபோகும் பூச்சி தேனீ அளவில் இருக்கிறது. முதுகில் செம்பட்டை முடி, வயிறு கறுப்பு, அதன் ஓரங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். வீட்டில் பெரியவர்கள் குளவி என்கிறார்கள். கைப்பேசிச் செயலியோ ‘ஆஸ்மியா’ என்று காட்டுகிறது. எது சரி, கொட்டுமா, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு படங்களும் வந்திருக்கின்றன.

இரண்டுமே சரியில்லை. இது குளவி அல்ல, ஆஸ்மியாவும் அல்ல. இது கூட்டம் சேராமல் தனியாக வாழும் கொத்தனார் தேனீ. மெகாகைலி பேரினத்தைச் சேர்ந்தது. இனம், உங்கள் படமும் நீங்கள் சொன்ன விவரங்களும் சேர்ந்து காட்டுகிறபடி, மெகாகைலி லனாட்டா. 1775-லேயே டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருப்பது, வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது. இருந்தும் இதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான வீடுகளில் இது ‘குளவி’ என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டு விளக்குமாற்றால் தீர்க்கப்பட்டுவிடுகிறது.

எப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை வேறொரு துளையில் வேறொரு பூச்சியைப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள அது உதவும்.

பெரும்பாலானவர்கள் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். செயலிகளும் ஏறக்குறைய அதையேதான் செய்கின்றன. தனித்தேனீக்களைப் பொறுத்தவரை நிறம் கடைசியாகக் கேட்க வேண்டிய சாட்சி. கூட்டைவிட்டுப் புதிதாக வெளியே வந்த தேனீயின் முடி பளிச்சென்று செம்மையாக இருக்கும். துளைக்குள்ளே நுழைந்து நுழைந்து, வெயிலில் அலைந்து, சில வாரங்களில் அதே முடி வெளுத்து, முதுகு வழுக்கையாகிவிடும். ஒரே இனத்தின் இளசும் கிழடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டு இனம் என்றே நினைப்பீர்கள். ஆணும் பெண்ணும் வேறு வேறு தோற்றத்தில் இருப்பதும் உண்டு. ஆகவே முதலில் வீட்டைப் பாருங்கள், பிறகு வயிற்றைப் பாருங்கள், பிறகு காலைப் பாருங்கள். நிறத்துக்கு அதற்குப் பிறகு வரலாம்.

வீடு என்றால், துளையை எதைக் கொண்டு அடைத்திருக்கிறது, அடைப்புக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறது என்ற இரண்டும்தான். நம் ஊர் வீடுகளில் சுவர்த் துளை, ஜன்னல் சட்டத்து ஓட்டை, பூட்டுத் துவாரம், பழைய மூங்கில் ஏணி, மடித்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலியின் குழாய்க் கால் என்று எதையும் விட்டுவைக்காத பூச்சிகள் பல உண்டு. அடைப்பில் நறுக்கிய இலைத் துண்டுகள் தெரிந்தால் இலைவெட்டித் தேனீ. ரோஜாச் செடியின் இலையில் வட்டம் வட்டமாக வெட்டு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் வேலை. காய்ந்த புல் குஞ்சம் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது புல் சுமக்கும் குளவி. அடைப்பு பிசின் போலக் கறுத்து, தொட்டால் ஒட்டினால் பிசின் தேனீக்களில் ஒன்று. மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற சவ்வு மட்டும் இருந்தால் முடியில்லாத மிகச் சிறிய தேனீ வகை ஒன்று. வெறும் மண் என்றால்தான் சிக்கல். மண் வேலை செய்யும் குளவிகளும் உண்டு, தேனீக்களும் உண்டு.

இங்கேதான் நீங்கள் சுரண்டியபோது கொட்டிய மஞ்சள் மாவு வழக்கை முடித்துவைக்கிறது. குளவிகள் தம் குஞ்சுக்கு வைப்பது இறைச்சி. சுவரிலும் புத்தக அலமாரியிலும் விரல் போல நீளமாக மண்கூடு கட்டும் ஒல்லி இடைக் குளவியின் கூட்டை உடைத்தால் உள்ளே சிலந்திகள் கிடக்கும். கொட்டியதால் மரத்துப்போன சிலந்திகள், உயிர் முழுதாகப் போயிருக்காது. சின்னப் பானை போலக் கூடு கட்டும் குளவியின் அறையில் பச்சைப் புழுக்கள் இருக்கும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்லிவைத்தார்களே, அது இந்தக் கூட்டைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்றால் பார்த்தவர்கள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? நடந்தது என்னவோ, குளவி இட்ட முட்டை பொரிந்து அந்தப் புழுவைத் தின்று வளர்ந்ததுதான். குருவின் பெருமையைச் சொல்ல நல்ல உவமை, புழுவின் பக்கம் நின்று பார்த்தால் அவ்வளவு நல்லதாகப் படாது.

தேனீ இறைச்சியைத் தொடுவதில்லை. அதன் குஞ்சுக்கு மகரந்தமும் பூந்தேனும் குழைத்த உணவுதான். உங்கள் ப்ளக் துளையிலிருந்து கொட்டியது அதுவே. மஞ்சள் மாவு என்றால் தேனீ, சிலந்தியோ புழுவோ என்றால் குளவி. இந்த ஒரு சோதனையில் எனக்குத் தெரிந்து ஏமாந்தவர்கள் இல்லை.

வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும், கலைக்கக் கூடாது என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. அந்த நம்பிக்கையின் நிழலில் எத்தனையோ தனித்தேனீக்களும் பிழைத்துக்கொண்டன.

அடுத்தது வயிறு. பெட்டியில் வளர்க்கும் தேனீ பின்னங்காலில் மகரந்தத்தை உருண்டையாக ஒட்டவைத்துக்கொண்டு வரும். மெகாகைலி குடும்பத்துப் பெண் தேனீக்கு அந்த வசதி காலில் இல்லை. அதன் வயிற்றின் அடிப்பக்கம் முழுவதும் அடர்த்தியான விறைத்த முடி, பிரஷ் போல வரிசை வரிசையாக இருக்கிறது. மகரந்தத்தை அதில்தான் வாரிக்கொண்டு வருகிறது. உங்கள் இரண்டாவது படத்தில் துளையின் விளிம்பில் அது நிற்கும்போது வயிற்றடி மஞ்சளாகத் தெரிகிறது. அதைப் பார்த்தவுடன் குடும்பம் உறுதியாகிவிட்டது. காலில் மஞ்சள் இருந்திருந்தால் வேறு திசையில் தேடியிருப்பேன். வயிற்றில் நீலநிற வளையங்களோடு, ரீங்காரம் செய்தபடி ஓரிடத்தில் நிற்காமல் பறக்கும் ஒரு தேனீயும் வீட்டு மண்சுவர்களில் துளையிடும். அது மகரந்தத்தைப் பின்னங்கால் முடியில்தான் கொண்டுவரும், வேறு குடும்பம்.

அடுத்த முறை துளைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது உள்ளே நுழையும் விதத்தைப் பாருங்கள். எந்தப் படத்தையும்விட அது தெளிவாகப் பேசும். பூவிலிருந்து வந்ததும் முதலில் தலையை முன்னால் விட்டு நுழையும். உள்ளே போய்த் தொண்டைப்பையில் கொண்டுவந்த தேனைக் கக்கும். பிறகு அப்படியே பின்னோக்கி வெளியே வந்து, வாசலிலேயே ஒரு திரும்பு திரும்பி, இந்த முறை வயிற்றை முன்னால் விட்டுப் பின்பக்கமாக நுழையும். உள்ளே பின்னங்கால்களால் வயிற்றடியைத் தேய்த்து மகரந்தத்தை உதிர்க்கும். பிறகுதான் அடுத்த பயணம். துளை அகலமாக இருந்தால் உள்ளேயே திரும்பிக்கொள்ளும். ப்ளக் துளை போலக் குறுகலாக இருந்தால் வாசலில்தான் திரும்பியாக வேண்டும், அதனால் நமக்கு நன்றாகத் தெரிகிறது. சிலந்தி பிடிக்கும் குளவிக்கு இந்த இரட்டை நுழைவுக்கு வேலையே இல்லை.

போதுமான உணவு சேர்ந்ததும் அதன்மேல் ஒரே ஒரு முட்டை. பிறகு ஒரு மண் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் அடுத்த அறை, மறுபடியும் உணவு, முட்டை, தடுப்பு. துளையின் நீளத்துக்குத் தக்கபடி அறைகள். பொதுவாக உள்ளே ஆழத்தில் இருக்கும் அறைகளில் பெண் குஞ்சுகளும் வாசலுக்கு அருகே ஆண் குஞ்சுகளும் இருக்கும். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எந்த அறைக்கு எது என்பது தாயின் கையில்தான் இருக்கிறது. கடைசியில் வாசலில் கனமாக ஒரு மண் பூச்சு. நீங்கள் பார்ப்பது அந்தப் பூச்சை மட்டும்தான். இதற்குப் பிறகு தாய் அந்தக் கூட்டுக்குத் திரும்பி வந்து காவல் காப்பதில்லை. அடுத்த துளையைத் தேடிப் போய்விடும்.

இனி ஆஸ்மியா விவகாரம். செயலி ஏன் அப்படிச் சொன்னது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. உலகில் ‘கொத்தனார் தேனீ’ என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டது. அங்கே அந்தப் பெயருக்கு உரியது ஆஸ்மியா பேரினம். வசந்த காலத்தில் ஆப்பிள் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கைக்காக அதை அட்டைக் குழாய்களில் வளர்க்கிறார்கள், கடையில் கூடுகள் விற்கிறார்கள், லட்சக்கணக்கில் படம் எடுத்துப் போடுகிறார்கள். படங்களைத் தின்று வளர்ந்த செயலிக்கு முடியோடு கூடிய குண்டுத் தேனீ துளையில் தலைகாட்டினால் ஆஸ்மியாதான். ஆனால் அது குளிர்நாட்டுப் பேரினம். இந்தியாவில் அதைத் தேடுவதென்றால் இமயமலைப் பக்கம் போக வேண்டும். சிவகங்கை வெயிலில், ப்ளக் பாயின்டில், அது வர வழியில்லை.

ஊரை வைத்துச் சொல்வதோடு நிறுத்த வேண்டியதும் இல்லை, உடலிலேயே தெளிவான வேறுபாடு ஒன்று இருக்கிறது. செத்த தேனீ ஒன்று ஜன்னலோரம் கிடைத்தால் எடுத்து, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்சால் அதன் கால் நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு காலின் முடிவிலும் இரண்டு வளைந்த நகங்கள். ஆஸ்மியாவுக்கு அந்த இரு நகங்களுக்கு நடுவே சின்னத் திண்டு ஒன்று இருக்கும். மெகாகைலிக்கு அந்த இடம் காலி. முடி உதிர்ந்தாலும், நிறம் வெளுத்தாலும், பழைய அருங்காட்சியகப் பெட்டியில் நூறு வருடம் கிடந்தாலும் இந்த அடையாளம் மாறாது. தேனீ பிரிக்கும் அட்டவணைகளில் இந்தத் திண்டுக்கு அவ்வளவு மரியாதை இருப்பது இதனால்தான்.

அப்படியே சிறகையும் பார்த்துவிடுங்கள். முன்சிறகின் நரம்புகள் சேர்ந்து சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரியும். வெளிவிளிம்பை ஒட்டி நடுப்பகுதியில் வரும் கட்டங்கள் பெட்டித் தேனீக்கு மூன்று, மெகாகைலி குடும்பத்துக்கு இரண்டு. படம் நன்றாக விழுந்திருந்தால் இது கைப்பேசியிலேயே தெரியும்.

சரி, மெகாகைலி என்று வந்துவிட்டோம். இதற்குமேல்தான் கஷ்டம். உலகம் முழுவதும் இந்தப் பேரினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இனங்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இலையை நறுக்குகிறவர்கள், மற்றவர்கள் மண்ணையும் பிசினையும் வைத்துக் கட்டுகிறவர்கள். இந்தத் தொழில் வேறுபாடு வாயில் எழுதியிருக்கிறது. இலை வெட்டுபவற்றின் தாடைப் பற்களுக்கு இடையே கத்தரியின் அலகு போன்ற கூர்விளிம்பு இருக்கும். மண் வேலைக்காரிகளுக்கு அது இருக்காது, தாடை மண்வெட்டி வேலைக்கும் கரண்டி வேலைக்கும் ஏற்றபடி இருக்கும். இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகளில் ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் கண்டெடுத்த, 2019-இல் முதல்முறையாக உயிரோடு படமெடுக்கப்பட்ட உலகின் மிகப் பெரிய தேனீ கூட இந்த மெகாகைலிக் கூட்டம்தான். கறையான் புற்றுக்குள்ளே பிசினால் கூடு கட்டும். உங்கள் ப்ளக் பாயின்டில் குடியிருப்பது அதன் தூரத்து உறவு.

தமிழ்நாட்டு வீடுகளில் இப்படித் துளையை அடைக்கும் மெகாகைலிகளில் இரண்டு பேரை அடிக்கடி காணலாம். ஒருவர் லனாட்டா. மற்றவர் டிஸ்ஜங்க்டா. இதற்கும் பெயர் வைத்தவர் அதே ஃபாப்ரிசியஸ்தான், 1781-இல். டிஸ்ஜங்க்டா பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்கும், இடுப்பு சேரும் இடத்தில் வெள்ளை முடி பட்டையாகப் பளிச்சிடும், சிறகு அடியில் தெளிவாகவும் நுனிப்பாதி கறுத்தும் இருக்கும். பறக்கும்போதே கறுப்பு வெள்ளை என்று கண்ணில் படும். அது பிசினையும் மண்ணையும் கலந்து வேலை செய்யும்.

லனாட்டாவிடம் அந்தக் கறுப்பு வெள்ளை கிடையாது. நெஞ்சின் மேல்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு முடி கம்பளி போல அடர்ந்திருக்கும். அந்த முடி நெஞ்சோடு நிற்காமல் வயிற்றின் முதல் இரண்டு வளையங்களுக்கும் இறங்கி வரும். அடையாளத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது வளையத்திலிருந்து திடீரென்று கறுப்பு, அந்தக் கறுப்பு வளையங்களின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. செம்மை எங்கே முடிந்து கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று வளையத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் முதல் படத்தில் அது இரண்டாவது வளையத்தின் முடிவில் வெட்டினாற்போல நிற்கிறது. நிறத்தைக் கடைசிச் சாட்சி என்றேன், சாட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மூன்று படிகளைத் தாண்டி வந்த பிறகு நிறம் சொல்வதை நம்பலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கூட்டைச் சுற்றி, அதே அளவில், வயிறு கூம்பு போலப் பின்னால் கூர்மையாக முடியும் ஒரு தேனீ மெதுவாக நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் அதைப் படமெடுத்து இதே இனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது குயில் தேனீ. வயிற்றடியில் பிரஷ் இருக்காது, தேவையும் இல்லை. வீட்டுக்காரி மகரந்தம் எடுக்கப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சு அங்கே இருக்கும் முட்டையையோ குஞ்சையோ முடித்துவிட்டு உணவையும் தின்றுவிடும். பச்சையாக உலோகம் போல மின்னும் சின்னக் குளவி வந்தாலும் இதே உள்நோக்கம்தான். இந்த இரண்டும் வந்துபோகின்றன என்றால் உள்ளே உண்மையான கூடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஃபாப்ரிசியஸ் பற்றி ஒரு சொல். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தரங்கம்பாடியில் டேனிஷ் குடியேற்றத்தில் இருந்த மிஷன் மருத்துவர்களும் பாதிரிமார்களும் செடி, பூச்சி, சிப்பி என்று பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 1768-இல் அங்கே வந்த மருத்துவர் கூனிக் அவர்களில் முக்கியமானவர். அப்படிப் போன பூச்சிகளுக்கு ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர்கள் இன்றும் நம் வயல்வெளியில் பறந்துகொண்டிருக்கின்றன. பிறகு 1897-இல் சார்லஸ் பிங்காம் பிரிட்டிஷ் இந்தியாவின் தேனீக்களையும் குளவிகளையும் ஒரே தொகுதியில் அடக்கி எழுதினார். அதற்குப் பிறகு எவ்வளவோ பெயர்கள் மாறிவிட்டன. இருந்தும் இந்தியத் தேனீயைப் பெயர் சொல்ல உட்காருகிறவர்கள் அந்தத் தொகுதியைத் திறக்காமல் எழுந்திருப்பதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த நிலை என்றால், இந்தத் துறையில் நாம் எவ்வளவு சோம்பலாக இருந்திருக்கிறோம் என்பது தெரியும்.

லனாட்டா நம்மைவிடச் சுறுசுறுப்பு. துளையில் குடியிருக்கும் பூச்சிக்கு ஒரு சௌகரியம் உண்டு: துளை எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். மரச்சாமான், மரப்பெட்டி, கப்பலின் பலகை என்று எதில் கூடு இருந்தாலும், மண்ணால் மூடிய அறைக்குள் குஞ்சு பத்திரமாகப் பயணம் செய்யும். இப்படித்தான் இது இந்தியாவைத் தாண்டிக் கரீபியன் தீவுகளிலும், ஃபுளோரிடாவிலும், ஹவாயிலும் குடியேறி நிலைத்துவிட்டது. அங்கே இதைப் படமெடுத்துப் பெயர் கேட்பவர்கள் பலர். இங்கே சொந்த ஊரில்தான் குளவிக் கணக்கில் போய்ச் சேர்கிறது.

கொட்டுமா என்று கேட்டீர்கள். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆணுக்குக் கிடையாது. ஆனால் பெட்டித் தேனீக்கும் குளவிக் கூட்டத்துக்கும் இருப்பது போலக் காக்க வேண்டிய அரசியோ ஆயிரக்கணக்கான குஞ்சுகளோ இதற்கு இல்லை. துரத்திக்கொண்டு வந்து கொட்டுகிற பழக்கம் இல்லை. கையில் பிடித்து நசுக்கினால், சட்டைக்குள் மாட்டிக்கொண்டால் கொட்டும். குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

ஆபத்து பூச்சியால் அல்ல, இடத்தால். மூன்று முள் ப்ளக்கில் மேலே இருக்கும் பெரிய துளை எர்த் துளை. குழந்தைகள் விரல் விடாமல் இருக்கக் கீழே உள்ள இரண்டு துளைகளுக்கும் உள்ளே மூடி வைத்த பாயின்டுகள் இப்போது அதிகம். எர்த் முள் உள்ளே போனால்தான் அந்த மூடி விலகும். அதனால் எர்த் துளை எப்போதும் திறந்தே இருக்கிறது, அளவும் தேனீ நுழையத் தோதாக இருக்கிறது. உங்கள் வீட்டில் மேல் துளையை மட்டும் அது பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணமாக இருக்கும். எர்த் துளையில் சாதாரணமாக மின்சாரம் இருக்காது. ஆனால் அதை நம்பி ஹேர்பின்னையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டுக் கிண்டாதீர்கள். வயரிங் தவறாக இருக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. மண் அடைத்த பாயின்டில் ப்ளக்கை அழுத்திச் செருகுவதும் வேண்டாம். முள் முழுதாக உட்காராமல் தொடுப்பு தளர்ந்தால் அங்கே சூடேறும், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்கு அது நல்லதல்ல. பூச்சி ஸ்பிரேயை அந்தத் துளைக்குள் அடிப்பதோ இன்னும் மோசம். அதில் இருக்கும் வாயு எரியக்கூடியது, உள்ளே இருப்பது மின் இணைப்பு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தப் பாயின்ட் அவசியமில்லை என்றால் சுவிட்சை அணைத்துவிட்டுச் சில வாரங்கள் அப்படியே விட்டுவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் குஞ்சு வளர்ந்து வெளியே வர அதிக காலம் பிடிக்காது. மண் பூச்சின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை தெரிந்தால் உள்ளே இருந்தவை கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டன என்று அர்த்தம். பிறகு மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துச் சுத்தம் செய்யுங்கள். குழந்தைகளுக்காகக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் ப்ளக் மூடி, எர்த் முள்ளோடு வருவதாகப் பார்த்து வாங்கிப் பயன்படுத்தாத பாயின்டுகளில் செருகிவிடுங்கள். அந்தப் பாயின்ட் உடனே வேண்டும் என்றால் தயங்காமல் இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு கூடு போனால் இனம் அழிந்துவிடாது, மனிதர்களின் மின்சாரப் பாதுகாப்பு முதலில்.

அதே சமயம் அதற்கு மாற்று இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் பூட்டுத் துவாரத்துக்கு வரும். ஒரு கணுவோடு நறுக்கிய மெல்லிய மூங்கில் துண்டுகள், உள்துளை ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர், நீளம் ஒரு சாண். ஒரு முனை கணுவால் அடைத்திருக்க வேண்டும், மறு முனையில் சிம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், சிம்பு இருந்தால் சிறகு கிழியும் என்று நுழையாது. இருபது முப்பது துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை படாமல் தாழ்வாரத்தில், காலை வெயில் விழும் பக்கம் பார்த்து, காற்றில் ஆடாதபடி இறுக்கிக் கட்டுங்கள். அருகில் எங்காவது கொஞ்சம் ஈரமண் இருக்கட்டும். கட்டை எட்டும் உயரத்தில் வைத்தால் குழந்தைகளுக்கும் பார்க்க வசதி.

இவ்வளவு உபசாரம் எதற்கு என்று வீட்டில் கேட்டால் துவரையைக் காட்டுங்கள். துவரம்பூ அவரைக் குடும்பத்துப் பூ. மகரந்தமும் சூல்முடியும் கீழிதழ்களுக்குள் மூடிக் கிடக்கும். தேனீ உட்கார்ந்து காலால் அழுத்தினால்தான் கீழிதழ் தாழ்ந்து அவை வெளியே எழும்பும். எழும்பி நேராக எதில் படும் என்றால் வயிற்றடியில். வயிற்றடியில் பிரஷ் வைத்திருக்கும் தேனீக்கு இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. லனாட்டா துவரையிலும் சணப்பையிலும் நன்றாக வேலை செய்யும் என்பது இந்திய வேளாண் பூச்சியியலாளர்கள் நன்கு அறிந்தது. சணப்பைக்கோ இப்படி அழுத்தமாக உட்காரும் தேனீக்கள் வராவிட்டால் விதை பிடிப்பதே சிரமம். பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைக்கிற விவசாயி விலைகொடுத்து வாங்கும் விதையில் இவர்கள் உழைப்பு இருக்கிறது.

பெயரை இன்னும் உறுதி செய்துகொள்ள விரும்பினால் படம் எடுக்கும் முறையை மாற்றுங்கள். அது மண் பூசும்போது வாசலிலேயே சில நிமிடங்கள் நிற்கும், அப்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மேல் படத்தில் வயிற்று வளையங்களை எண்ண முடிய வேண்டும், பக்கவாட்டுப் படத்தில் வயிற்றடி தெரிய வேண்டும். பளபளப்பான நெருக்கப் படம் ஒன்றைவிட, சுமாரான இந்த இரண்டு படங்கள் பயன்படும். வயிற்றடியையும் சிறகையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமானால், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, குளிர்பதனப் பெட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. குளிரில் மந்தமாகிக் கிடக்கும். வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தால் சூடேறி எழுந்து பறக்கும்வரை உங்களுக்குப் படமெடுக்க நேரம் கிடைக்கும். அதற்கு ஒரு கேடும் வராது.

அந்தப் படங்களை, உயிரினங்களைப் பலரும் சேர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் இடம், தேதியோடு போடுங்கள். கூட்டின் படத்தையும் உள்ளே இருந்த மஞ்சள் மாவின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள், பலர் இதைச் செய்வதில்லை. செத்த தேனீ கிடைத்தால் தூக்கி எறியாமல் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு, எந்த ஊர், எந்த நாள், எதில் கூடு கட்டியிருந்தது என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையோ, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனமோ முறையாகப் பெயர் சொல்ல உதவக்கூடிய இடங்கள். சீட்டு இல்லாத தேனீயை அனுப்பினால் அவர்களாலும் பாதி வேலைதான் செய்ய முடியும்.